மழை பெய்யும் படம்

என் அம்மா முதன்முதலாகப் பார்த்த கர்ணன் இடது கைக்காரர்.

போன தீபாவளி விடுமுறையில்தான் இது எனக்குத் தெரிய வந்தது. கோலா குபு பாரு வீட்டுக்குப் புதிதாக 55 அங்குலத் தொலைக்காட்சி ஒன்று வாங்கி மாட்டியிருந்தேன். அதன் திறமையைக் காட்டவேண்டும் என்பதற்காகவே, டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்ட 'கர்ணன்' படத்தைப் போட்டேன். சிவாஜி கணேசனின் மார்பில் கிடந்த ஆபரணங்களில் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரிந்தது. பெருமையோடு அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இவரு இடது கையாலதானே நாண இழுப்பாரு?"

"யாரு, சிவாஜியா? எந்தப் படத்துலம்மா?"

"இதே படத்துலதான். எங்க தோட்டத்துல போட்டாங்களே."

கொஞ்ச நேரம் குழம்பிய பிறகுதான் பிடிபட்டது. அம்மா பிறந்து வளர்ந்தது கெர்லிங் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். எழுபதுகளில் சம்பளம் போட்ட வாரத்தில், வேனில் ஒருவர் 16 மில்லிமீட்டர் புரொஜெக்டரோடு வருவாராம். பெரட்டுக் களத்தில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். துணிக்கு முன்னால் கிராணி வீட்டுக்காரர்களுக்கு நாற்காலி. அதற்குப் பின்னால் சாக்கு விரித்துப் பெரியவர்கள். தம்பி தங்கச்சிகளுக்குச் சோறு ஊட்டிவிட்டு நேரம் கழித்து ஓடிவரும் பெண்பிள்ளைகளுக்குத் துணியின் பின்பக்கம்தான் கிடைக்கும். அங்கிருந்து பார்த்தால் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி ஓடும். வலது கை இடது கையாகும்.

"பின்னாடி உக்காந்தா கொசு மட்டும்தான் கொஞ்சம் அதிகம். மத்தபடி அதே படந்தான்" என்றார். பிறகு திரையை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு, "அது சரி, மழையக் காணோமே?" என்று கேட்டார்.

இந்த மழை எனக்குத் தெரியும். பழைய பிரிண்டில் மேலிருந்து கீழாக ஓடும் கீறல்களுக்கு நம் ஆட்கள் வைத்த பெயர். ஃபிலிம் புரொஜெக்டரின் பற்சக்கரங்களில் ஏறி இறங்கும்போது ஒரு தூசு மாட்டிக்கொண்டால் போதும், அது ஃபிலிமின் நீளத்துக்கும் கோடு போட்டுக்கொண்டே போகும். ஒவ்வொரு தோட்டத்தில் ஓடும்போதும் ஒரு கோடு கூடும். அம்மாவின் தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் குருக்ஷேத்திரத்தில் அடைமழை பெய்யத் தொடங்கியிருக்கும்.

சிரித்துவிட்டு மீதிப் படத்தைப் பார்த்தோம். ஆனால் படுத்த பிறகும் ஒரு கேள்வி போகவில்லை. ஒரு பழைய படத்தை மீட்பது என்றால் எதை மீட்பது? அம்மா பார்த்ததையா?

*

என் கர்ணனும் சரியான கர்ணன் இல்லை. அப்பா பாசார் மாலாமில் வாங்கிவந்த விசிடி அது. ஒரு விசிடி தட்டில் 74 நிமிடத்துக்கு மேல் அடங்காது என்பதால் மூன்று தட்டு. எங்கள் வீட்டில் அந்தப் படத்துக்கு இரண்டு இடைவேளை. திரையின் மூலையில் விற்றவரின் முத்திரை ஒன்று படம் முழுக்கக் கூடவே வரும். கர்ணன் சாகும்போதும் அது சாகாது.

விசிடியின் படம் அகலத்தில் 352 புள்ளி, உயரத்தில் 288 புள்ளி. மொத்தம் 101,376. இன்றைய 4கே தொலைக்காட்சியில் 3840க்கு 2160, மொத்தம் 8,294,400. அந்த விசிடியை இந்தத் தொலைக்காட்சியில் போட்டால் ஒரு புள்ளி ஏறக்குறைய 82 புள்ளிகளாக வேண்டும். ஒன்று படத்திலிருந்து வருவது. மீதி 81 தொலைக்காட்சி தன் ஊகத்தால் நிரப்புவது.

பல்கலைக்கழகத்தில் மின்னணுப் பொறியியல் படித்தபோதுதான் இன்னொன்றும் புரிந்தது. சினிமா ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். மலேசியாவின் தொலைக்காட்சி முறையோ 25. இரண்டையும் பொருத்த எளிய வழி, படத்தையே கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவது. நூற்றுக்கு நாலு பங்கு வேகம் கூடும். மூன்று மணி நேரப் படத்தில் ஏழு நிமிடம் காணாமல் போகும், ஒரு காட்சியும் வெட்டப்படாமல். குரலும் அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவான அளவு மேலே ஏறிவிடும். போர்க்களத்தில் கர்ணன் அம்புகளோடு கிடக்கும்போது சீர்காழி கோவிந்தராஜன் பாடும் பாட்டை நான் அந்த உயர்ந்த சுருதியில்தான் கேட்டு வளர்ந்தேன். பிறகு சரியான வேகத்தில் கேட்டபோது அவர் களைத்துப்போய்ப் பாடுவதாகத் தோன்றியது. தவறு என் காதில்.

ஆக, நினைவை அளவுகோலாக வைத்துக்கொள்ள முடியாது. அம்மாவுக்குப் படம் இடவலமாகத் திரும்பியிருந்தது. எனக்கு வேகமாக ஓடியது. இரண்டு பேருமே அதுதான் அசல் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

அசல் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கேமராவுக்குள் ஓடிய நெகட்டிவ். அதிலிருந்து எடுத்த முதல் பிரதிகள். ஒலிக்கான நெகட்டிவ். படமெடுத்தவர்கள் பார்த்து ஒப்புக்கொண்ட நிறம். மீட்பு வேலை கணினியில் தொடங்குவதில்லை, இவற்றைத் தேடுவதில் தொடங்குகிறது. கிடைத்த நெகட்டிவைக் கையால் சோதித்து, கிழிந்த ஓரத்துளைகளை ஒட்டி, கழுவி, ஒவ்வொரு ஃப்ரேமாக ஸ்கேன் செய்யவேண்டும். மூன்று மணி நேரப் படம் என்றால் 259,200 ஃப்ரேம். பிறகுதான் ஆட்டத்தை நிறுத்துவது, தூசு எடுப்பது, நிறம் பார்ப்பது, ஒலியைச் சுத்தம் செய்வது எல்லாம்.

*

2012ஆம் ஆண்டில் இரண்டு பழைய படங்கள் திரும்பி வந்தன. 1964 பொங்கலுக்கு வெளிவந்த பி. ஆர். பந்துலுவின் 'கர்ணன்' அந்த மார்ச்சில் டிஜிட்டலாகத் தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்து நூறு நாளைத் தாண்டி ஓடியது. அப்போது நான் இடைநிலைப்பள்ளியில் இருந்தேன். நாற்பத்தெட்டு வருடத்துக்கு முந்தைய படத்துக்கு இளைஞர்கள் வரிசையில் நிற்கும் செய்தியை வாசித்து ஆச்சரியப்பட்டது நினைவிருக்கிறது. அதே ஆண்டு மே மாதம் கான் திரைப்பட விழாவில் 'கல்பனா' திரையிடப்பட்டது. நடனக் கலைஞர் உதயசங்கர் இயக்கி, சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்து, 1948இல் வெளிவந்த இந்திப் படம். அதை மீட்டது மார்ட்டின் ஸ்கோர்செஸி தொடங்கிய உலக சினிமா அமைப்பு. வேலை நடந்தது இத்தாலியின் பொலோன்யா நகரத்தில்.

'கர்ணன்' வெற்றிக்குப் பிறகு தமிழில் ஒரு வழி திறந்தது. 2014இல் 'ஆயிரத்தில் ஒருவன்' வந்தது. பிறகு கட்டபொம்மன் வந்தார். இப்போது 'கில்லி' வரைக்கும் வந்துவிட்டார்கள். 'கல்பனா' இன்னொரு வழியில் போய், 2022இல் கிரைட்டீரியன் நிறுவனத்தின் புளூ-ரே தொகுப்பு ஒன்றில் இடம்பிடித்தது. ஒன்று கூட்டத்தை நோக்கி வந்தது, மற்றது அலமாரியை நோக்கி. கூட்டம் எனக்குப் பிடிக்கும். ஆனால் மூன்று வாரத்திலோ மூன்று மாதத்திலோ கூட்டம் கலைந்துவிடும். அதன் பிறகு ஒரு படம் எப்படி வாழும் என்பது வீட்டுக்கு எந்த நிலையில் வருகிறது என்பதைப் பொறுத்தது. தமிழில் நாம் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. படம் இணையத்தில் கிடைக்கிறதா, '4கே' என்று போட்டிருக்கிறதா, அவ்வளவுதான்.

அந்த '4கே' என்ற சொல்லை நான் நம்புவதில்லை. அது டப்பாவின் அளவைச் சொல்கிறதே தவிர உள்ளே இருக்கும் சோற்றைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. பழைய தொலைக்காட்சிப் பிரதியை இழுத்துப் பெரிதாக்கினாலும் 4கேதான். நெகட்டிவிலிருந்து எடுத்தாலும் 4கேதான்.

வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி, முகத்தைப் பார்ப்பது. ஃபிலிம் என்பது வெள்ளி உப்பின் துகள்களால் ஆனது. பெரிதாக்கிப் பார்த்தால் மணல்போல் நெளிந்துகொண்டே இருக்கும். இதைப் பலரும் அழுக்கு என்று நினைக்கிறார்கள். தூசு படத்தின் மேல் உட்கார்ந்திருப்பது. துகள்தான் படமே. துகளை எடுத்துவிட்டால் அதற்கு அடியில் சுத்தமான படம் ஒன்று ஒளிந்திருக்காது. தோலின் துளை, புருவத்தின் மயிர், பட்டின் இழை எல்லாம் துகளோடு சேர்ந்து போய்விடும். மிஞ்சுவது மெழுகு பொம்மை.

தமிழ்ப் படத்துக்கு மட்டும் நடப்பதில்லை இது. 2010இல் வந்த 'பிரிடேட்டர்' புளூ-ரேயில் அர்னால்டின் முகம் மெழுகாகிப்போனதை இன்றும் கேலி செய்கிறார்கள். 2024இல் ஜேம்ஸ் கேமரூனின் 'ஏலியன்ஸ்', 'ட்ரூ லைஸ்' 4கே தட்டுகள் வந்தபோதும் அதே சண்டை. அவர்களிடம் பணமும் இருந்தது, நெகட்டிவும் இருந்தது. இருந்தும் சுத்தத்தின் மேல் ஆசை விடவில்லை.

இந்த ஆசைக்கு ஒரு பொறியியல் காரணமும் உண்டு. வீடியோவைச் சுருக்கும் முறை, ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்த ஃப்ரேமுக்கும் என்ன மாறியது என்பதை மட்டும் எழுதிவைத்து இடத்தை மிச்சப்படுத்துகிறது. துகளோ ஒவ்வொரு ஃப்ரேமிலும் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும். அதைச் சுருக்குவது கஷ்டம். இணையத்தில் அனுப்பச் செலவு கூடும். எனவே துகளைத் துடைத்துவிட்டால் கோப்பு சிறிதாகும், கடையில் தொங்கும் தொலைக்காட்சியில் பளபளப்பாகவும் தெரியும். போதாததற்கு நம் தொலைக்காட்சிகளே பெட்டியிலிருந்து எடுக்கும்போது இரைச்சல் நீக்கம், அசைவை வழவழப்பாக்கும் வசதி எல்லாவற்றையும் திறந்துவைத்துக்கொண்டுதான் வருகின்றன. நான் அன்று பெருமையோடு பார்த்த கர்ணனிலும் பாதி என் தொலைக்காட்சி செய்த கர்ணன். அடுத்த நாள் அமைப்புகளுக்குள் போய் அத்தனையையும் அணைத்தேன். நீங்களும் ஒருமுறை அணைத்துப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் ஏதோ குறைந்த மாதிரி இருக்கும், பிறகு முகங்கள் திரும்பி வரும்.

சுத்தம் செய்யும் மென்பொருளுக்கு இன்னொரு வியாதி இருக்கிறது. முந்தைய ஃப்ரேமிலும் இல்லாமல், அடுத்த ஃப்ரேமிலும் இல்லாமல், நடுவில் ஒரே ஒரு ஃப்ரேமில் மட்டும் தெரியும் பொருளை அது அழுக்கு என்று முடிவுகட்டும். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் போர்க்களத்தில் பறக்கும் அம்பும் அப்படித்தானே? யாரோ ஆசையோடு சுத்தம் செய்து இணையத்தில் ஏற்றிய ஒரு பழைய புராணப் படத்தை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தேன். வில்லிலிருந்து கிளம்பிய அம்பு பாதி வழியில் இல்லாமல் போய், எதிரியின் நெஞ்சில் மறுபடி முளைத்தது. நிஜ மழைக்காட்சிக்கும் இதே கதிதான். கீறல் மழை எது, வானத்து மழை எது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. பக்கத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்து, "இது படத்துல உள்ளது, விடு" என்று சொல்லவேண்டும். மீட்புக்கு ஆகும் செலவில் பெரும்பங்கு அந்த மனிதருக்குத்தான் போகவேண்டும். முதலில் மிச்சப்படுத்துவதும் அவரைத்தான்.

அடுத்தது சட்டத்தின் வடிவம். அறுபதுகளில் வந்த நம் படங்கள் பெரும்பாலும் ஏறக்குறைய சதுரமானவை, உயரம் ஒன்று என்றால் அகலம் 1.37. தமிழில் முதல் சினிமாஸ்கோப் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்கு முந்தைய படத்தை இன்றைய அகலத் தொலைக்காட்சியில் முழுக்க நிரப்பவேண்டும் என்றால் மேலும் கீழுமாக நூற்றுக்கு 23 பங்கை வெட்டவேண்டும். சினிமாஸ்கோப் ஆக்கவேண்டும் என்றால் 42 பங்கு. 'தில்லானா மோகனாம்பாள்' படத்தை இப்படி நிரப்பிய பிரதி ஒன்றில் பார்த்தேன். பத்மினி ஆடுகிறார். சலங்கைச் சத்தம் கேட்கிறது. பாதம் இல்லை. நாட்டியத்தைப் பற்றிய படத்தில் நாட்டியக்காரியின் பாதத்தை வெட்டிவிட்டு, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வராமல் காப்பாற்றியிருக்கிறார்கள்.

நிறம் இதைவிடச் சிக்கல். அந்தக் கால ஈஸ்ட்மென் கலர் பிரிண்ட்களில் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் போகும். அதனால்தான் பழைய வண்ணப் படங்கள் வெற்றிலை போட்ட வாய்போல் சிவந்து கிடக்கின்றன. கணினியில் நீலத்தைத் திரும்பக் கொண்டுவரலாம். எவ்வளவு நீலம்? என். டி. ராமராவின் கிருஷ்ணன் எந்த நீலத்தில் இருந்தார்? நிறம் மங்காத ஒரு நல்ல பிரதியோ, அன்று ஒளிப்பதிவு செய்தவர்களில் ஒருவரோ பக்கத்தில் இல்லை என்றால், அந்த நீலம் கணினி முன் உட்கார்ந்திருப்பவரின் நீலம்தான்.

*

எல்லாம் சரியாக நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு சத்யஜித் ராயின் அபு படங்கள் மூன்றும் சாட்சி. 1993இல் லண்டனில் ஓர் ஆய்வகத்தில் தீப்பிடித்து அவற்றின் நெகட்டிவ்கள் கருகின. ஆனால் கருகிய சுருள்களையும் யாரோ தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள். இருபது வருடம் கழித்து பொலோன்யாவில் அந்தச் சுருள்களுக்கு மறுபடி ஈரப்பதம் ஏற்றி, ஏறக்குறைய 1,000 மணி நேரம் கையாலேயே வேலை பார்த்து, பிழைத்த பகுதிகளை எடுத்தார்கள். பிழைக்காத இடத்துக்கு உலகின் வேறு இடங்களில் இருந்த நல்ல பிரதிகளைச் சேர்த்தார்கள். எது நெகட்டிவ், எது வேறு பிரதி என்பதையும் வெளிப்படையாகச் சொன்னார்கள். 2015இல் புளூ-ரே வந்தது. 'பதேர் பாஞ்சாலி'யில் கிழவி இந்திரின் முகச் சுருக்கங்கள் ஒவ்வொன்றும் அதில் இருக்கின்றன, துகளோடு.

நமக்கோ கருகிய சுருள்கூட இல்லாத படங்கள்தான் அதிகம். முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்', 1931இல் வந்தது, இன்று ஒரு பிரதியும் இல்லை. இந்தப் பக்கம் வந்தால், இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ் 1957இல் சிங்கப்பூரில் இயக்கிய மலாய்ப் படம் 'பொந்தியானாக்'. சக்கைப்போடு போட்ட பேய்ப் படம். அதுவும் இல்லை. தயாரிப்பாளர் ஹோ ஆ லோக் பிரதிகளைப் பழைய ஈயக்குட்டை ஒன்றில் எறிந்துவிட்டதாகத்தான் சொல்வார்கள்.

ஈயக்குட்டை என்றதும் எனக்கு எங்கள் ஊர் ஞாபகம் வந்துவிடும். பழைய கோலா குபுவில் 1883ஆம் ஆண்டு அணை உடைந்து, மாவட்ட நீதிபதி சிசில் ரேங்கிங் உட்படப் பலர் வெள்ளத்தில் போனார்கள். அதற்குப் பிறகும் மேலே ஈயம் தோண்டிய இடங்களிலிருந்து ஆறு மண்ணை அடித்துக்கொண்டுவந்து ஊரைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடியது. கடைசியில் அரசாங்கம் ஊரையே மேட்டுக்கு மாற்றியது. சார்லஸ் ரீட் என்ற நகரத் திட்ட வல்லுநர் பூங்காக்களோடு வரைந்துகொடுத்த புதிய ஊரில்தான் நாங்கள் இருக்கிறோம். பழைய கோலா குபுவை யாரும் மீட்கவில்லை. அதன் பெயரில் வேறொன்றைக் கட்டினார்கள். ஆனால் அதை மறைக்கவில்லை. 'பாரு' என்றால் மலாயில் புதிது. ஊரின் பெயரிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பழைய விசிடியைக் கணினியில் ஊதிப் பெருக்கி '4கே மீட்பு' என்று போடுகிறவர்களிடம் நான் எதிர்பார்ப்பதும் இந்த நேர்மையைத்தான்.

இவ்வளவு பேசுகிற நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

*

கர்ணன் பார்த்த இரண்டாம் நாள் அம்மா முறுக்கு டின்னுக்குள்ளிருந்து ஒரு விஎச்எஸ் நாடாவை எடுத்துவந்தார். 1993இல் அவர்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. ஆள் வைத்து எடுத்தது. தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள், லயங்களையும் இடித்துவிட்டார்கள். தாத்தா 1995இல் இறந்தார், நான் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு. அடையாள அட்டைப் படம் ஒன்றைத் தவிர அவர் முகத்தை நான் பார்த்ததில்லை.

"இதுல தாத்தா இருக்காரு. சிவாஜிய சரி பண்றாங்கல்ல, இதச் சரி பண்ணிக் குடு."

நாடாவில் பூஞ்சணம் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. நம் ஊர் ஈரத்துக்கு அது தப்பவே தப்பாது. அப்படியே போட்டால் கருவியின் தலையும் கெடும், நாடாவும் அறுந்துபோகும். ரவாங்கில் பழைய சாமான் கடையில் 60 வெள்ளிக்கு ஒரு விசிஆர் வாங்கினேன். நாடாப் பெட்டியைத் திருகு கழற்றித் திறந்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஆல்கஹால் தொட்ட துணியால் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தேன். மூன்று இரவு போனது. பிறகு கணினியில் இணைத்து ஓடவிட்டேன்.

தாத்தா பதினொரு நொடி வருகிறார். சாமி ஊர்வலத்துக்குப் பின்னால், தோளில் துண்டோடு, கேமராவைப் பார்க்காமல் நடந்து போகிறார். படத்தில் அவர் முகத்தின் அகலம் ஏறக்குறைய இருபது புள்ளி. விஎச்எஸ்ஸில் அவ்வளவுதான் கிடைக்கும். கண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு, வாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு. கீழே நாடாவின் இரைச்சல் கோடுகள்.

நான் செய்யக்கூடாது என்று இவ்வளவு நேரம் எழுதியதையெல்லாம் செய்தேன். இரைச்சலைத் துடைத்தேன். செயற்கை நுண்ணறிவில் இயங்கும் ஒரு மென்பொருளில் கொடுத்து நாலு மடங்கு பெரிதாக்கச் சொன்னேன். ஓர் இரவு முழுக்க என் மடிக்கணினியின் விசிறி கத்தியது. காலையில் பார்த்தால் தாத்தாவுக்குக் கண் வந்திருந்தது. இமை, நரைத்த மீசை, கன்னத்தில் சின்னச் சுருக்கம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையாகவே. என் தாத்தாவின் முகத்தை முதல்முறையாக அசைவில் பார்க்கிறேன் என்று நினைத்தேன்.

அம்மாவைக் கூப்பிட்டுப் பெரிய தொலைக்காட்சியில் போட்டேன்.

"யாருய்யா இது?"

"தாத்தாம்மா."

அம்மா எழுந்துபோய்த் திரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். "நல்லாதான் இருக்காரு. ஆனா இது அப்பா இல்ல."

எனக்குப் படித்த பாடம் அப்போதுதான் நெஞ்சில் இறங்கியது. பதிவாகாத தகவலை எந்தக் கணக்கும் திரும்பக் கொண்டுவராது. மென்பொருளுக்கு என் தாத்தாவைத் தெரியாது. அது பார்த்துப் பழகிய லட்சக்கணக்கான முகங்களிலிருந்து, இருபது புள்ளிக்குப் பொருத்தமாக ஒரு கிழவரைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறது. அந்தக் கிழவரைப் பார்த்துத்தான் நான் அழுதேன். அம்மா இல்லாமல் போயிருந்தால், இருபது வருடம் கழித்து என் பிள்ளைகளுக்கு இவர்தான் உங்கள் கொள்ளுத்தாத்தா என்று அந்த முகத்தைத்தான் காட்டியிருப்பேன். தவறு என்று சொல்ல ஆள் இருக்கும்போதே இது நடந்துவிட்டது ஓர் அதிர்ஷ்டம். 'கர்ண'னின் நீலத்துக்கோ 'மோகனாம்பா'ளின் பாதத்துக்கோ அப்படிச் சொல்லக்கூடியவர்கள் வருடாவருடம் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

பிறகு நாடாவிலிருந்து வந்ததை அப்படியே போட்டேன். கோடுகளும் இரைச்சலும் ஓடின. ஊர்வலம் திரும்பியது. தாத்தா இன்னும் தூரத்தில் ஒரு கறுப்புப் புள்ளியாகத்தான் இருந்தார்.

"அதோ அப்பா" என்றார் அம்மா.

"எப்படிம்மா தெரியுது? மூஞ்சியே தெரியலையே."

"நடையப் பாரு. கித்தாக் காட்டுல விழுந்து முட்டி போனதுலருந்து அப்படித்தான். வலது கால வெச்சுட்டு ஒரு நொடி நிப்பாரு."

திரும்ப ஓட்டிப் பார்த்தேன். இருந்தது. காலை ஊன்றி, அரை நொடி தயங்கி, பிறகு அடுத்த அடி. நான் முகத்தில் தேடியது நடையில் பதிவாகியிருந்தது. விஎச்எஸ் ஒரு நொடிக்கு ஐம்பது அரைப் படங்களாக எழுதுகிறது. ஒவ்வொன்றும் மங்கல்தான், ஆனால் அந்தத் தயக்கம் முழுசாக உள்ளே இருக்கிறது. துடைத்த பிரதியில் கால் நீர்போல் வழுக்கிக்கொண்டு போகிறது. இரைச்சலை எடுக்க நான் அடுத்தடுத்த படங்களைக் கலந்துவிட்டதில், அந்த அரை நொடியும் கரைந்துவிட்டது.

கணினியில் இப்போது இரண்டு கோப்பு இருக்கிறது. ஒன்றின் பெயர் '1993 திருவிழா, நாடாவில் உள்ளபடி'. மற்றதை அழிக்க மனம் வரவில்லை. அதற்கு 'கணினி ஊகித்தது' என்று பெயர் வைத்துவிட்டேன்.

அம்மா அன்று மாலையே அதைக் கைப்பேசியில் ஏற்றித் தரச் சொன்னார்.

"களும்பாங் மாமாவுக்கும் அனுப்பு. அந்தக் கண்ணு தெரியறது வேணாம். மழை பெய்யறத அனுப்பு."